செட்டிநாட்டு ஷெட்டில் நிற்கும் பழைய கார்: கைமாறிய வரலாறும் இன்றைய விலையும்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும், ஷெட்டில் நிற்கும் பழைய காரை ஆள் வைத்துக் கழுவுகிறார்கள். அடுத்த வாரம் பெயின்ட் அடிக்க விலை கேட்கிறார்கள். இரண்டையும் தள்ளிப்போடுங்கள். முன்கண்ணாடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் வரி வில்லை, கதவு ஓரத்தில் ஒர்க்‌ஷாப் ஒட்டிய சிட்டை, சீட்டுக்கு அடியில் செருகிக் கிடக்கும் பெட்ரோல் பில் ஆகியவைதான் அந்தக் கார் யாரிடம், எந்த ஊரில், எந்த ஆண்டில் ஓடியது என்று சொல்பவை. ஒரு வாளித் தண்ணீரில் அவை போய்விடும். பழைய காரின் விலையில் பெரும்பகுதி இரும்பில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளில் காகிதம் தங்குகிறது. அது வேறெங்கும் எளிதில் அமையாத வாய்ப்பு.

முதல் நாள் படம் எடுப்பது மட்டுமே வேலை. நான்கு பக்கமும், என்ஜின் அறை, டேஷ்போர்டு, டிக்கி, கதவின் உள்பக்கம், மைல்கணக்கு எல்லாவற்றையும் தூசியோடு எடுங்கள். சீட்டைத் தூக்கி அடியில் பாருங்கள். கிடைக்கும் துண்டுக் காகிதத்தைக்கூட உறையில் போட்டு, எங்கே கிடைத்தது என்று மேலே எழுதுங்கள்.

எண்ணைப் படி எடுப்பது

சேஸிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் இரண்டு இடங்களில் இருக்கும்: ரிவெட் அடித்த தகட்டில் ஒன்று, இரும்பில் நேரடியாகக் குத்தியது ஒன்று. தகடு கழற்றி மாட்டக்கூடியது. அதனால் இரும்பில் குத்திய எண்ணையே நம்பவேண்டும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நின்று காரணம் தேடுங்கள்.

எண் இருக்கும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடையுங்கள். உப்புத்தாளும் கம்பி பிரஷ்ஷும் அந்த இடத்தில் படவே கூடாது. தேய்த்த தடம் விழுந்தால், எண்ணை யாரோ மாற்றிக் குத்தியிருக்கிறார்கள் என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சந்தேகப்படுவார்; அவரைக் குறைசொல்ல முடியாது. துடைத்த இடம் காய்ந்தபின் மெல்லிய வெள்ளைத்தாளை இறுக்கிப் பிடித்து, பென்சில் முனையைச் சாய்த்து மெதுவாகத் தேய்த்தால் எண் வெள்ளையாக எழும்பி வரும். மூன்று படி எடுங்கள். இப்போது எழுத்துகளைக் கூர்ந்து பாருங்கள். கம்பெனியில் குத்தியது ஒரே உயரம், ஒரே ஆழம், ஒரே இடைவெளியில் இருக்கும். ஓரிரு எழுத்து மட்டும் சாய்ந்தோ ஆழமாகவோ இருந்தாலும், சுற்றியுள்ள இரும்பு குழிந்து பளபளத்தாலும் அது பின்னால் குத்தியது. இப்படியொரு எண் உள்ள காரை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். விற்கவும் முயலாதீர்கள், முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சொல்லுங்கள்.

எண்ணே சில செய்திகளைச் சொல்லும். 1950-களின் நடுவில் வந்த மோரிஸ் மைனரில் சேஸிஸ் எண்ணின் முன் மூன்று எழுத்தும் இரண்டு இலக்கமும் வரும். முதல் எழுத்து வண்டி வகை, இரண்டாவது பாடி வகை, மூன்றாவது நிறம். அடுத்த இலக்கம் 5 என்றிருந்தால், வலதுபக்க ஸ்டியரிங்கோடு உதிரிகளாகக் கப்பலில் அனுப்பி இங்கே பூட்டிய வண்டி என்று பொருள். 1 என்றால் பிரிட்டனில் விற்க முழுதாகச் செய்தது. "ஐயா லண்டனிலிருந்து நேரே இறக்கினது" என்று வீட்டில் சொல்லும் பேச்சை இந்த ஓர் இலக்கம் உறுதி செய்யும், அல்லது மறுக்கும்.

பாகங்களிலும் தேதி உண்டு. லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றின் உடலில் மாதமும் ஆண்டும் குத்தியிருக்கும். "8 56" என்றால் 1956 ஆகஸ்ட். கார் வெளிவந்த தேதிக்குச் சில மாதங்கள் முன்னதாக இருந்தால் அது காரோடு வந்த பாகம். என்ஜின் வகையும் காட்டிக்கொடுக்கும்: தொடக்க கால அம்பாசடர்களில் 1476 சிசி சைடுவால்வு என்ஜின் இருந்தது, பிறகுதான் 1489 சிசி ஓவர்ஹெட் வால்வு வந்தது. 1958-இல் பதிவான வண்டியில் பின்னது உட்கார்ந்திருந்தால் என்ஜின் மாறியிருக்கிறது. மாற்றம் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) ஏறியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எதைத் தேடுவது

எந்த அலுவலகம் என்பதிலேயே பலர் தடுமாறுகிறார்கள். செட்டிநாட்டு ஊர்கள் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தவை அல்ல. ஒரு பகுதி பழைய ராமநாதபுரம் மாவட்டம். இன்னொரு பகுதி புதுக்கோட்டை சமஸ்தானம். சமஸ்தானம் 1948-இல் இணைந்தபின் திருச்சி மாவட்டத்தில் சேர்ந்தது, 1974-இல் தனி மாவட்டமானது. சிவகங்கை 1985-இல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தின் கலெக்டர் அலுவலகமே அந்நாளில் மதுரையில் இருந்தது. ஆகவே 1955-இல் தேவகோட்டைக்காரர் வாங்கிய காரின் பழைய பதிவேட்டைச் சிவகங்கையில் மட்டும் தேடிவிட்டு "இல்லை" என்று திரும்பாதீர்கள். ராமநாதபுரம், மதுரைப் பக்கமும் கேளுங்கள். ராயவரம் போன்ற புதுக்கோட்டைப் பக்க ஊர்களுக்குத் திருச்சியிலும் கேட்கவேண்டும். பலர் காரை மதராஸில் வாங்கி அங்கேயே பதிவு செய்தார்கள் என்பதையும் மறக்கவேண்டாம்.

நம்பர் பிளேட்டே காலத்தைச் சொல்லும். எம் என்ற எழுத்தில் தொடங்கும் மூன்றெழுத்து எண் மதராஸ் மாகாண, மதராஸ் மாநிலக் காலத்தது. டி-யில் தொடங்கும் மூன்றெழுத்து அதற்குப் பின்னது. டி.என். என்று தொடங்கி மாவட்ட எண் வருவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பின்னர். கார் 1957 மாடல், எண் மட்டும் டி.என். 63 என்றால் இடையில் எங்கோ மறுபதிவு நடந்திருக்கிறது. பழைய எண் என்ன, ஏன் மாறியது என்பதுதான் உரிமைச் சங்கிலியில் நீங்கள் கண்டுபிடிக்கவேண்டிய கண்ணி.

மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பழைய வண்டி பெரும்பாலும் வராது, கையெழுத்துப் பதிவேட்டிலிருந்து யாரும் ஏற்றியிருக்க மாட்டார்கள். "பி ரிஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட்" வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். முதல் உரிமையாளர், பெயர்மாற்றத் தேதிகள், கடன் குறிப்பு, மாற்றங்கள் எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். வாய்மொழியாகக் கேட்டு அலையாதீர்கள். பதில் வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்ட மனு. 30 நாளில் பதில் தரவேண்டும். ஒரு சிக்கல் உண்டு: மூன்றாம் ஆள் கேட்டால் தனிநபர் தகவல் என்று மறுக்க இடமிருக்கிறது. அதனால் வாங்க நினைப்பவர் கேட்பதைவிட, உரிமையாளரோ அவருடைய வாரிசோ கையெழுத்திட்டுக் கேட்பது பலன் தரும்.

பழைய ஆர்.சி. புக்கில் ஒரு கம்பெனியின் கடன் குறிப்பு நின்றிருந்தால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கடன் தீர்ந்து 40 ஆண்டு ஆகியிருக்கும், கொடுத்த கம்பெனியே இருக்காது. ஆனால் படிவம் 35 கொடுத்து அந்தக் குறிப்பை நீக்காமல் பெயர்மாற்றம் நகராது. தீர்த்த ரசீது வீட்டில் கிடைத்தால் தங்கம்போல வையுங்கள்.

வீட்டுக்குள் தேடுவது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ரங்கூன், பினாங்கு, கொழும்பு வரை வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் கணக்கு எழுதாமல் காசு செலவழித்ததில்லை. நாள்வழி ஏட்டில் கார் வாங்கிய தொகை, டிரைவர் சம்பளம், டயர், இன்ஷூரன்ஸ் எல்லாம் விழுந்திருக்கும். பேரேட்டில் கார் கணக்கு என்றே தனித் தலைப்பு இருக்கக்கூடும். கல்யாணச் சீர்வரிசைச் சிட்டைகளையும் பாருங்கள். கார் பெண்வீட்டுச் சீராக வந்திருந்தால் அங்கே எழுதியிருப்பார்கள், அது உரிமையையே மாற்றும் செய்தி.

ஏட்டில் ஆங்கிலத் தேதியை எதிர்பார்க்காதீர்கள். "துன்முகி வருஷம் ஐப்பசி" என்றிருக்கும். அது 1956 அக்டோபர்-நவம்பர். துன்முகி தை என்றால் 1957 ஜனவரி, ஏனென்றால் வருஷம் சித்திரையில்தான் மாறும். 1947 சித்திரையில் தொடங்கியது சர்வசித்து, 1957-இல் ஏவிளம்பி. இந்த இரண்டையும் ஊன்றுகோலாக வைத்து மற்றதை எண்ணிக்கொள்ளலாம். பெயர்களும் விலாசத்தோடு சுருக்கமாக இருக்கும். தாத்தா, தகப்பனார் பெயர்களின் முதலெழுத்துகள் கோத்த அந்த விலாசம்தான் ஆர்.சி.யிலும் ஏறியிருக்கும், தனிமனிதர் பெயர் அல்ல. ஒரே விலாசத்தை அண்ணன் தம்பி மூன்று பேர் பாவித்திருப்பார்கள். எந்தப் புள்ளியின் (கல்யாணமான தனிக் குடும்பத்தின்) கார் என்று பிரித்தறிய ஏடுதான் வழி.

பெரியவர்களிடம் கேட்கும்போது ஆண்டைக் கேட்காதீர்கள், தவறாகவே வரும். நிகழ்ச்சியைக் கேளுங்கள். "ஆச்சி, சின்ன அய்த்தை கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு இந்தக் கார்லயா, அதுக்கு முந்தின கார்லயா?" என்று கேட்டால் கார் நிறத்தோடு விடை வரும். கல்யாணத் தேதி பத்திரிகையில் இருக்கிறது. வீட்டில் ஓட்டிய டிரைவர் அண்ணன் உயிரோடு இருந்தால் அவரைத் தேடிப் போங்கள். எந்த ஒர்க்‌ஷாப், எந்த ஆண்டு என்ஜின் இறக்கினார்கள், எங்கே மோதியது என்பதெல்லாம் முதலாளியைவிட அவருக்குத் தெரியும். கல்யாண ஆல்பத்தில் காரும் நம்பர் பிளேட்டும் ஒன்றாகத் தெரியும் ஒரு படம், பத்துப் பேர் சாட்சிக்குச் சமம்.

காகிதம் உண்மையா

விலை ஏறிவிட்டதால் பழைய பில்லும் கடிதமும் புதிதாக "உண்டாகின்றன". சில தேதிகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதியைக் கழித்துவிடலாம். நயாபைசா 1957 ஏப்ரல் 1-இல் வந்தது. அதற்கு முந்தைய பில்லில் ரூபாய், அணா, பைதான் இருக்கவேண்டும். மதராஸ் மாநிலம் தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரியில். பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் வந்தது. 1964 தேதியிட்ட லெட்டர்ஹெட்டில் ஆறு இலக்கப் பின்கோடு அச்சாகியிருந்தால் மேலே படிக்கவேண்டியதில்லை.

"பர்மாவிலிருந்து வந்த கார்" என்ற பேச்சு இந்தப் பக்கம் நிறையக் கேட்கும். வலதுபக்க ஸ்டியரிங் அதற்குச் சாட்சி ஆகாது. பர்மா, மலேயா, இலங்கை மூன்றிலும் அந்நாளில் இடதுபக்கமாகவே ஓட்டினார்கள். 1937-இல் பர்மா தனியாகப் பிரிந்தபின் இறக்கிய வண்டி என்றால் சுங்கத் தீர்வை ரசீது கேளுங்கள். அது இல்லையேல் விளம்பரத்தில் அந்த வரியைப் போடாதீர்கள். அமெரிக்க வண்டிகளில் பலவும் இந்தியாவிலேயே பூட்டியவை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் பம்பாய் சிவ்ரியில் பூட்டியது, ஃபோர்டுக்கு மதராஸிலும் கிளை இருந்தது. ஷெவர்லேயோ ப்யூக்கோ கண்டால் கடல் கடந்து முழுதாக வந்தது என்று எண்ணவேண்டாம்.

பிரிட்டிஷ் வண்டியானால் இங்கிலாந்தில் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதலாம். மோரிஸ், ஆஸ்டின், எம்.ஜி. போன்ற கார்களுக்குத் தொழிற்சாலை ஏட்டைப் பார்த்துக் கட்டணத்துக்குச் சான்று தருகிறார்கள். கட்டிய தேதி, நிறம், என்ஜின் எண், அனுப்பிய இடம் ஆகியவை வரும். சேஸிஸ் எண்ணின் படத்தோடு விண்ணப்பியுங்கள். ரோல்ஸ்-ராய்ஸ் வண்டிகளுக்கு அங்குள்ள ஆர்வலர் சங்கத்திடம் முதல் உரிமையாளர் பெயர் வரை சேஸிஸ் அட்டைகள் உள்ளன. லேண்ட்மாஸ்டர், அம்பாசடர், ஃபியட், வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவற்றுக்கு வீட்டுக் காகிதமும் ஆர்.டி.ஓ. பதிவேடும்தான் ஆதாரம்.

யாருடைய கார்

ஷெட் பங்காளிகளுக்குப் பொது. கார் அப்படியல்ல, பொதுவாக ஆர்.சி.யில் பெயர் உள்ளவருடையது. அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் மனைவி, மகன்கள், மகள்கள், உயிரோடிருக்கும் தாயார் அனைவருக்கும் சமபங்கு. மகள்களின் கையெழுத்தை விட்டுவிட்டு நடக்கும் விற்பனைதான் பிற்பாடு வழக்காகிறது. சுவீகாரம் வந்த பிள்ளைக்கு வந்த குடும்பத்தில்தான் பங்கு, பிறந்த குடும்பத்தில் இல்லை. சுவீகாரப் பத்திரத்தின் நகல் வேண்டும். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபனையில்லாக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து ஒருவர் பெயருக்கு மாற்றுங்கள். இதற்குச் சட்டம் தரும் காலம் மூன்று மாதம். முப்பது ஆண்டு தாமதமான வண்டிகளே இங்கு அதிகம், அபராதத்தோடு முடிப்பார்கள். ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல்துறையில் தொலைந்த ஆவணப் புகார் பதிந்து, படிவம் 26-உம் சேர்த்துக் கொடுக்கவேண்டும். வாங்குபவரைத் தேடுவதற்குமுன் இதை முடித்தால் விலையே வேறு.

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்கு ஓடாத கார் என்றால் 2021-இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் பதிவு பெறலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டு செல்லும். பழைய எண் பதிவில் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், அதை விட்டுக்கொடுக்காதீர்கள். இல்லாதவற்றுக்கு வி.ஏ. என்ற எழுத்தோடு புது வரிசை தருகிறார்கள். நிபந்தனை இரண்டு: சேஸிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் கூடாது, கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள், பராமரிப்பு தவிர அன்றாட ஓட்டத்துக்கு எடுக்கக்கூடாது. பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் ஏற்றிய பெரிய அமெரிக்க வண்டிகள் முதல் நிபந்தனையிலேயே அடிபடும். பழைய என்ஜின் ஷெட் மூலையில் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

விலை போடுவது

இணையத்தில் பார்ப்பது கேட்கும் விலை. கைமாறிய விலை அதுவல்ல. அதே மாடலில் விற்று முடிந்த மூன்று நான்கு வண்டிகளின் விலையை வாங்கியவரிடமே கேட்டு அறியுங்கள். பிறகு கணக்கை மேலிருந்து கீழே போடுங்கள்.

எண்கள் கணக்குப் புரிய மட்டும்: நன்றாகச் செய்து முடித்த ஒரு ஃபியட் 4,50,000 ரூபாய்க்குப் போகிறது என்று வையுங்கள். உங்களுடையதற்கு டிங்கரிங், பெயின்ட் 1,40,000, என்ஜின் 60,000, குரோம் முலாம் 40,000, சீட், ரூஃப் துணி 35,000, வயரிங், டயர் 45,000. ஆக 3,20,000. பிரித்தபின் தெரியும் வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு, 64,000. மிச்சம் 66,000. நிற்கிற நிலையில் அதுதான் விலை. செட்டியார் வீட்டு வண்டி என்பதற்காக இந்தக் கணக்கு மாறாது. மாற்றுவது ஆதாரம். முதல் உரிமையாளரிலிருந்து இன்றுவரை விடுபடாத கண்ணி, பழைய எண், முதல் என்ஜின், அசல் நிறம் ஆகியவை சேர்ந்தால் அந்த 66,000 பல மடங்காகும்.

அசல் நிறம் பார்க்கக் கதவின் உள்மட்டையைக் கழற்றுங்கள். டேஷ்போர்டின் பின்பக்கமும் சீட் அடியும் மறுபெயின்ட் படாத இடங்கள். பட்டி பூசிய இடத்தைக் காந்தம் காட்டும். மெல்லிய துணியில் சுற்றிய காந்தம் ஒட்டாத இடத்தில் அடியில் துரு இருக்கலாம். இந்தப் பக்கத்து வறண்ட காற்றில் கடலோர வண்டிகளைவிடத் துரு குறைவு, ஆனால் கரையானும் எலியும் அதிகம். 1930-களின் கார்கள் பலவற்றில் தகரத்துக்கு உள்ளே மரச்சட்டம் உண்டு. கதவு மூடும்போது தொங்கினால் அந்தச் சட்டத்தைக் கரையான் தின்றிருக்கும். அது டிங்கர் வேலையல்ல, ஆசாரி வேலை. செலவு பெரிது.

நின்றுபோன என்ஜினைச் சோதிக்க நேரே செல்ப் அடிக்கவே கூடாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் என்ஜின் ஆயிலும் சமமாகக் கலந்து சுமார் 40 மில்லி ஊற்றுங்கள். ஒரு வாரம் விட்டு, டாப் கியரில் போட்டுக் காரை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தோ ஹேண்டிலாலோ சுற்றிப் பாருங்கள். சுற்றினால் ஓர் இடம் விடாமல் இரண்டு சுற்று, பிறகு ஆயில் மாற்றம், தொட்டியில் கெட்டிப்பட்ட பழைய பெட்ரோலை இறக்குதல். இறுகிய ரிங்கோடு பலவந்தமாகச் சுற்றினால் சிலிண்டரில் கீறல் விழும். சொந்த என்ஜின் என்ற மதிப்பு அந்த நிமிடமே சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போர்வேலைச் செலவாக மாறும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு பழம்பொருள் கடைகளில் விளக்கு, ஹார்ன், பானெட் சின்னம் கிடைக்கும். பொருந்தும் பாகமா என்று எண் பார்த்து வாங்குங்கள். அதே கடைகளுக்குக் கணக்கு ஏடுகளும் ஆல்பங்களும் தனியாகப் போய்விடுகின்றன, காரின் சாட்சி காரைவிட்டுப் பிரிகிறது. வீட்டைக் காலி செய்கிறவர்கள் கார் பேர் எழுதிய ஏட்டை மட்டுமாவது எடுத்துவைக்கவேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கக் கோயம்புத்தூர் ஜி.டி. கார் அருங்காட்சியகம் நல்ல இடம்.

இன்ஷூரன்ஸில் விண்டேஜ் கணக்கு வேறு: 1940 டிசம்பர் 31-க்கு முன் செய்த, இந்திய விண்டேஜ் அண்ட் கிளாசிக் கார் கிளப் சான்றளித்த காரை விண்டேஜ் என்று ஏற்பார்கள். மதிப்பைக் கம்பெனியும் நீங்களும் பேசி முடிவு செய்யலாம். விற்பதற்கு முன் அந்த மதிப்பீட்டுத் தாள் கையில் இருந்தால் புரோக்கர் விலையை அடிப்பது குறையும்.

விற்கும் நாளில் படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, ஒப்படைத்த தேதியோடு மணியையும் எழுதிய ரசீது வாங்குங்கள். மாநிலத்துக்குள் என்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்கு நீங்களே தெரிவியுங்கள், வாங்கியவர் செய்வார் என்று விடாதீர்கள். வெளிமாநிலம் போகும் வண்டிக்குப் படிவம் 28-இல் என்.ஓ.சி. முதலில். காகிதக் கட்டின் அசலைக் காரோடு கொடுத்துவிட்டு, முழு ஸ்கேனும் பென்சில் படியில் ஒன்றும் வீட்டில் வையுங்கள்.